ஐம்பத்தெட்டுக்கு ஒரு மறுகூட்டல்

உங்க பையனுக்கு எத்தன போட்டாவ, அண்ணாச்சி?

ஓ, இன்னும் உள்ளயே கூப்பிடலையா. சரி, இங்கன உக்காருங்க. அந்த ஓரமா வேண்டாம், அந்தப் பக்கம் பெஞ்சு ஆடும். டோக்கன் எத்தன? முப்பத்தி நாலா? இப்பந்தான் பத்தொம்போது போயிருக்கு. மெதுவா ஆகும். நானும் காத்துக்கிட்டுதான் இருக்கேன். என் வீட்டம்மாவும் மகளும் உள்ள இருக்காவ. என்னய மட்டும் வெளிய உக்காரச் சொல்லிட்டாவ. எதுக்குன்னு சொல்லுதேன். அதச் சொல்லணும்னா மொதல்ல இருந்து சொல்லணும்.

என் பேரு ஞானதுரை. கேள்விப்பட்டிருப்பிய. படலையா? நீங்க எந்த ஊரு? அதான பாத்தேன், அந்தப் பக்கம் நம்ம பேனர் கிடையாது. எங்க ஊருல போயி ஞானதுரைன்னு கேட்டா யாருக்கும் தெரியாது, சென்டம் மாஸ்டர்னு கேளுங்க, நாய் கூட வீட்டக் காட்டும். கணக்கு ட்யூஷன். பத்தாங்கிளாசும் பன்னெண்டாங்கிளாசும். போன வருசம் பதினோரு சென்டம். நூத்துக்கு நூறு, பாத்துக்கிடுங்க. ஒத்த மார்க் கொறஞ்சா அந்தப் பயலோட போட்டோ பேனர்ல வராது. தொண்ணூத்தொம்போது வாங்கினவன் அம்மா வந்து அழுதிருக்கா என் வாசல்ல. நான் ஈவிரக்கம் பாக்க மாட்டேன்.

இதெல்லாம் எதுக்குச் சொல்லுதேன்னா, மார்க்குன்னா என்னன்னு எனக்கு ஒருத்தன் வந்து சொல்லிக் குடுக்க வேண்டியதில்ல. அதப் புரிஞ்சுக்கிடுங்க.

எங்களுக்குக் கல்யாணமாகி பதினோரு வருசம் கழிச்சுப் பொறந்தவ பியூலா. ஒரே பிள்ள. லேட்டா நடந்தா, லேட்டாப் பேசுனா. சில பிள்ளைய அப்பிடித்தான்னு விட்டுட்டோம். மூணாங்கிளாஸ் வந்தும் எழுத்துக் கூட்ட வரல. ரெண்டும் மூணும் எத்தனன்னு கேட்டா, சிரிச்சுக்கிட்டே 'மூணு'ன்னுவா. அதுதான கடைசியா காதுல விழுந்தது. சென்டம் மாஸ்டர் மவ. எனக்கு எப்பிடி இருக்கும், சொல்லுங்க. ட்யூஷனுக்கு வர்ற பிள்ளைய இருக்கும்போது அவள முன் ரூமுக்கு வர விட மாட்டேன். அவ நல்லதுக்குத்தான். பயலுவ சிரிச்சிட்டா அவ மனசு என்னத்துக்காகும்.

அவ க்ளாஸ் டீச்சர் சொல்லி, என் வீட்டம்மா சுகிர்தா என்னட்டக் கேக்காமலே பிள்ளைய இந்தக் கவர்மெண்ட் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கிட்டு வந்துட்டா. இதே ரூமுதான். உள்ள இருக்காவல்லா, நஸீமா மேடம், சைக்காலஜிஸ்ட், அவ்வோதான் டெஸ்ட் எடுத்தாவ. சாயங்காலம் நான் வீட்டுக்கு வாரேன், மேசை மேல ஒரு காயிதம். ஐ.க்யூ: ஐம்பத்தெட்டு. சுகிர்தா சுவரப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கா. எழவு விழுந்த மாதிரி.

நான் காயிதத்தப் பாத்தேன். 'ஐம்பத்தெட்டுதான, பாஸ் மார்க்குக்கு மேலதான இருக்கு, இதுக்கு எதுக்கு மூஞ்சத் தூக்கி வச்சிருக்க'ன்னேன். அவ என்னய ஒரு பார்வ பாத்தா. எந்திரிச்சு அடுப்படிக்குப் போயிட்டா.

மறுநா நான் இங்க வந்தேன். மேடத்துட்ட மரியாதையாத்தான் பேசுனேன். 'மேடம், முப்பத்தஞ்சு எடுத்தாலே பாஸ், என் மக ஐம்பத்தெட்டு எடுத்திருக்கா, அப்புறம் எதுக்கு அறிவுத்திறன் குறைபாடுன்னு எழுதியிருக்கிய'ன்னு கேட்டேன். அவ்வோ சிரிக்கல. அத நான் ஒத்துக்கிடணும். சிரிக்காமச் சொன்னாவ, 'சார், இது நூத்துக்கு எடுத்த மார்க் இல்ல. நூறுங்கிறது இவ வயசுப் பிள்ளைங்களோட சராசரி'ன்னு.

எனக்கு வந்துச்சு பாருங்க ஒரு கோவம். நூறு சராசரியாமே. ஒரு நூறுக்கு நான் படுத பாடு எனக்குத் தெரியும். விடியக்காலம் அஞ்சு மணிக்கு எந்திரிச்சுப் பிள்ளைய தொண்ட காயப் படிச்சு வாங்குற நூறு, இவ்வோளுக்குச் சராசரி.

'சரி மேடம், மறுகூட்டல் ஃபாரம் எங்க கெடைக்கும்'னேன். கூட்டுனதுல தப்பு இருக்கலாம்லா? பெரிய பெரிய பரிட்சையிலயே கூட்டல்ல பதினஞ்சு மார்க் விட்டுப் போயிருக்கு, நான் வாங்கிக் குடுத்திருக்கேன். அப்பிடி ஃபாரமே கெடையாதுன்னுட்டாவ. ஒரு வருசம் கழிச்சு வேணும்னா மறுபடி டெஸ்ட் எடுக்கலாமாம். அதுவரைக்கும் பிள்ளைக்கு வேண்டியது படிப்பு இல்லயாம், பழக்கமாம். தானா குளிக்க, தானா சாப்பிட, ரோட்டக் கடக்க, யாராச்சும் தப்பாத் தொட்டா சத்தம் போட. 'அது வந்துட்டா அவ நல்லா இருப்பா சார், எழுத்தும் அவ வேகத்துல வரும்'னாவ. சிறப்புக் குழந்தைங்க பட்டியல்ல பேரு சேத்து, வாரத்துக்கு ரெண்டு நா பள்ளிக்கூடத்துக்கே டீச்சர் வர மாதிரி எழுதிக் குடுத்தாவ.

வந்தாவ ஒரு அமுதா டீச்சர். சின்ன வயசு. என்ன நடத்துதாவன்னு ஒருநா போயிப் பாத்தேன். சட்டைக்குப் பட்டன் போடுதது. ஒரு மணி நேரமா பட்டன். கழட்டு, போடு, கழட்டு, போடு. நான் எம்.எஸ்சி., பி.எட். என் மகளுக்குப் பட்டன் போட அரசாங்கம் ஒரு டீச்சர அனுப்புது. அந்த அம்மா என்னயப் பாத்து, 'சார், மூணாவது பட்டன் வரைக்கும் வந்துட்டா'ங்கறாவ, என்னமோ ஸ்டேட் ஃபர்ஸ்ட் வாங்கின மாதிரி. பியூலாவும் கையக் கையத் தட்டுதா.

உங்க பையன் செருப்பக் கழட்டி வாயில வைக்கான், பாத்துக்கிடுங்க. ஆங்.

என்ன சொன்னேன்? ஆமா, பட்டன். அன்னைக்குத்தான் முடிவு பண்ணேன். ஒரு வருசம் டயம் இருக்கு. உலகத்துல எந்தப் பரிட்சைக்கும் வழி உண்டு, பழைய கேள்வித்தாளப் பாத்தா போதும். பொதுத்தேர்வு முடியும்போது பள்ளிக்கூடக் கேட்டுல நின்னு, வெளிய வர்ற பிள்ளைட்ட என்ன கேட்டான், என்ன கேட்டான்னு வாங்கி, அதே சாயங்காலம் விடைக்குறிப்பு போட்டு விடுதவன் நான். இது என்ன பெரிய டெஸ்ட்டு?

அதனால புதன்கெழம புதன்கெழம இங்க வந்து நின்னேன். அந்தா, அந்த வேப்பமரத்தடியில. கையில நோட்டு, பையில முட்டாய். டெஸ்ட்டு முடிச்சு வர்ற பிள்ளைய ஒண்ணொண்ணாப் பிடிச்சு, 'ராசா, உள்ள என்னப்பா கேட்டாவ'ன்னு கேப்பேன். சில பிள்ள சொல்லும். சில பிள்ள முட்டாய வாங்கிட்டு ஓடிரும். பேச்சே வராத பிள்ளைய உண்டு, அதுகளுக்கும் குடுப்பேன், நான் என்ன ஈவிரக்கம் இல்லாதவனா. ஒரு பையன் மூணு வாரம் வந்தான், மூணு வாரமும் 'பொம்ம, பொம்ம'ன்னு அது ஒண்ணுதான் சொன்னான். நான் நோட்டுல எழுதி வச்சேன்: பொம்மை, மூன்று முறை கேட்கப்பட்டது, மிக முக்கியம். ரெண்டு ஸ்டாரும் போட்டேன்.

சிரிக்காதீங்க அண்ணாச்சி. நாலு மாசத்துல நோட்டு ரொம்பிட்டு. நாற்காலியும் கட்டிலும் எதுல ஒண்ணு? மரச்சாமான். பக்கத்து வீட்டுல இருந்து புகை வந்தா என்ன செய்வ? பெரியவங்ககிட்டச் சொல்லுவேன். படத்துல என்ன இல்ல? பூனைக்கு வால் இல்ல, குடைக்குக் கம்பி இல்ல. செவப்பும் வெள்ளையுமாக் கட்டை குடுத்து அடுக்கச் சொல்லுவாவ. நம்ம தச்சு ஆசாரிட்டச் சொல்லி அதே மாதிரி பதினாறு கட்டை செஞ்சு வாங்குனேன். பாடம் பாடமாப் பிரிச்சு, ஒரு மார்க் கேள்வி, செய்முறைக் கேள்வின்னு கைடே போட்டுட்டேன். ஜெராக்ஸ் கடைக்காரன் எனக்கு ஒரு காப்பி குடுங்க மாஸ்டர்ங்கான்.

காலையில அஞ்சு மணிக்கு எழுப்பிருவேன். அஞ்சுல இருந்து ஏழு. டெஸ்ட்டுல டயம் பாப்பாவல்லா, அதுக்காக ஒரு ஸ்டாப்வாட்ச்சும் வாங்குனேன். வாட்ச்ச அமுக்குனா அவ கட்டையத் தொடணும். மொதல்ல அழுதா. எல்லாப் பிள்ளையும் அழும், நான் பாக்காத அழுகையா. ஸ்கேலு எடுக்கிறது உண்டுதான், ஆனா மேசையிலதான் தட்டுவேன். முக்காவாசி மேசையில. சுகிர்தா வந்து வந்து நிப்பா, 'அவளுக்குத் தூக்கம் பத்தலங்க'ம்பா. 'ஒன் செல்லந்தான் இவள ஐம்பத்தெட்டுல கொண்டுபோயி விட்டிருக்கு'ன்னு ஒரு போடு போட்டேன். அப்புறம் வரல.

அமுதா டீச்சரையும் நிப்பாட்டச் சொல்லிட்டேன். பட்டனோட அப்போ வீட்டு விலாசமும் சொல்லிக் குடுத்துக்கிட்டு இருந்தாவ. கதவு நம்பர் பதினெட்டு வந்துட்டு, அடுத்த வாரம் தெருப் பேருன்னாவ. பள்ளிக்கூட நேரத்துலயும் கைடப் படிக்கட்டும், தெருவெல்லாம் எங்க ஓடிப் போயிரப் போவுதுன்னேன்.

வருசம் முடியக் காத்திருக்கல. நஸீமா மேடம் ஒத்துக்கிட மாட்டாவன்னு தெரியும், அதனால டவுன்ல ஒரு தனியார் இடத்துக்குக் கூட்டிட்டுப் போனேன். அங்க டெஸ்ட் எடுக்கிறவன் சின்னப் பையன், புதுசாப் படிச்சு வந்திருக்கான். இதுக்கு முன்ன டெஸ்ட் எடுத்திருக்கான்னு கேட்டான், இல்லன்னேன். என் மக உள்ள போனா. கதவுப் பக்கத்துல நின்னு கேட்டுக்கிட்டே இருந்தேன். கேள்விய அவன் முடிக்கல, இவ பதிலச் சொல்லுதா. புல்லரிச்சுப் போச்சு.

எண்பத்தாறு, அண்ணாச்சி. ஐம்பத்தெட்டுல இருந்து எண்பத்தாறு. இருபத்தெட்டு மார்க் கூட. என் ட்யூஷன் சரித்திரத்துலயே ஒரு பிள்ள ஆறு மாசத்துல அவ்வளவு ஏறுனதில்ல. அந்தப் பையனுக்கு மட்டும் முகம் சரியில்ல. 'சார், பாப்பா தெரிஞ்ச கேள்விக்கு டக்குனு சொல்லுது, கொஞ்சம் மாத்திக் கேட்டா முழிக்குதே'ன்னான். 'தம்பி, நீ கேள்வியக் கேட்ட, அவ பதிலச் சொல்லிட்டா, மார்க்கப் போடு'ன்னேன்.

அந்தக் காயிதத்த எடுத்துக்கிட்டு நேரா, அமுதா டீச்சர அனுப்புத வட்டார வள மையத்துக்குப் போனேன். சிறப்புக் குழந்தைங்க பட்டியல்ல இருந்து என் மக பேர நீக்கணும்னு மனுக் குடுத்தேன். அங்க உள்ளவன், 'இருந்துட்டுப் போகட்டுமே சார், யாரு கேக்கப் போறா'ங்கான். நான் விடல. நீக்கிட்டோம்னு எழுதி சீல் வச்சு வாங்குனப்பறந்தான் எந்திரிச்சேன்.

அப்புறம் பேனர். இந்த வருசம் பத்து சென்டம், பத்து போட்டோ. நடுவுல பெருசா பியூலா, ரெட்டச் சடை போட்டு. அறிவுத்திறன் எண்பத்தாறுன்னு செவப்பு எழுத்து. கீழ நம்ம செல் நம்பர். பஸ் ஸ்டாண்டுல டவுன் பஸ்சு நிக்கிற எடத்துல கட்டுனேன். பத்து நூறுக்கு நடுவுல ஒரு எண்பத்தாறு எதுக்குன்னு ஒரு பய கேட்டான். போடா, அது வேற கணக்குன்னேன். சுகிர்தா அந்தப் பக்கம் போறதையே விட்டுட்டா. கண்ணு பட்டுரும்னு நெனைக்கான்னு நெனச்சேன்.

அதுக்குப் பெறவுதான் சனி பிடிச்சுது.

பள்ளிக்கூடத்துல ரிப்போர்ட்டக் குடுத்தேன்லா. முன்னாடி அவளுக்கு வரலன்னா, பாவம் முடியல, விட்டுரும்மான்னு இருந்த டீச்சரு, இப்ப எண்பத்தாறு இருக்கு, திமிருலதான் எழுத மாட்டேங்கான்னு வெளிய நிக்க வச்சுட்டாவ. எனக்கும் ஞாயம்னுதான் பட்டுச்சு. அறிவு இல்லன்னா ஒரு கணக்கு. அறிவு இருக்குன்னு காயிதத்துல இருக்கு, அப்ப வேணும்னேதான செய்யிதா? வீட்டுல காலை அஞ்சு மணிப் படிப்ப நான் நிப்பாட்டல, அதுல நானும் ரெண்டு போட்டேன். முன்ன மேசையிலதான் தட்டுவேன்னு சொன்னேன்லா. இப்ப அப்பிடி இல்ல.

சுகிர்தா தெனமும் பிள்ளையக் கூட்டிக்கிட்டு வர பள்ளிக்கூடத்துக்குப் போவா. எண்பத்தாறு வாங்குன பிள்ளைக்குக் கூடப் போக ஆளு எதுக்கு, தானா நடந்து வரட்டும்னுட்டேன். கால் மணி நேர நடைதான். ரெண்டு நா வந்துட்டா, பக்கத்து வீட்டுப் பிள்ள கூட. மூணாவது நா அந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல்.

நாலரைக்கு வரணும். அஞ்சே முக்கால் வரைக்கும் வரல. சுகிர்தா செருப்பில்லாம ரோட்டுல ஓடுதா. நான் பைக்க எடுத்துக்கிட்டு ஒவ்வொரு தெருவா. அந்த ஒரு மணி நேரத்தப் பத்தி நான் பேச மாட்டேன், விட்டுருங்க.

செல் அடிச்சுது. ஒரு போலீஸ்காரம்மா. 'சென்டம் மாஸ்டரா? ஒங்க பொண்ணு பஸ் ஸ்டாண்டுல இருக்கு'ன்னாவ. போயிப் பாத்தா, அந்தப் பேனருக்குக் கீழயே நிக்கா. மேல ரெட்டச் சடை போட்டுச் சிரிச்சுக்கிட்டு ஒரு பியூலா, கீழ பாவாடையெல்லாம் நனைஞ்சு போயி ஒரு பியூலா. அந்தம்மா வீடு எங்கம்மான்னு கேட்டிருக்காவ. இவ 'பதினெட்டு'ன்னுருக்கா. எந்தத் தெருன்னு கேட்டா மறுபடியும் 'பதினெட்டு'. கேள்வி மேல கேள்வி கேக்கவும் இவளுக்குப் பழக்க தோசம், 'நாற்காலியும் கட்டிலும் மரச்சாமான்'ன்னுருக்கா. 'பக்கத்து வீட்டுல இருந்து புகை வந்தா பெரியவங்ககிட்டச் சொல்லுவேன்'ன்னுருக்கா. அந்தம்மா பதறிப் போயி எந்த வீட்டுல புகை, எந்த வீட்டுல புகைன்னு ஆட்டோக்காரனுவளையெல்லாம் கூப்பிட்டிருக்காவ. பெறவு ஒரு ஆட்டோக்காரன்தான் மேல கையக் காட்டியிருக்கான், இந்தப் பிள்ளதான அதுன்னு. அதப் பாத்து நம்பர எடுத்து அடிச்சிருக்காவ.

பேனர் வைக்காம இருந்திருந்தா என்ன ஆயிருக்கும், யோசிச்சுப் பாருங்க. சுகிர்தாட்டச் சொன்னேன், நல்லவேள நான் பேனர் வச்சேன்னு. அவ பிள்ளையத் தூக்கிக்கிட்டு ஆட்டோவுல ஏறி அவ அண்ணன் வீட்டுக்குப் போயிட்டா. பன்னெண்டு நா வரல. ஒம்போது வயசுப் பிள்ளைய இடுப்புல தூக்கி வச்சுக்கிட்டுப் போறா, பஸ் ஸ்டாண்டே பாக்குது.

போயிக் கூப்பிட்டதுக்கு ஒரே வார்த்ததான் சொன்னா. 'அமுதா டீச்சர் திரும்ப வரணும். அப்பத்தான் வருவேன்.' சரின்னு போயி அமுதா டீச்சரக் கேட்டேன். அவ்வோளும் பாவம், 'சார், எனக்கும் ஆசதான், பட்டியல்ல பேரு இல்லாத பிள்ளைக்கு என்னய விட மாட்டாங்க'ன்னுட்டாவ. வள மையத்துக்குப் போனா அதே ஆளு. என் மனுவ எடுத்து எனக்கே காட்டுதான். நீங்கதான சார் சீல் வச்சு வாங்குனியங்கான். மறுபடி சேக்கணும்னா புதுசா டெஸ்ட் எடுத்து எழுவதுக்குக் கீழ வரணுமாம்.

அதான் திரும்ப இங்க. நஸீமா மேடம் ரெண்டு ரிப்போர்ட்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தாவ. அப்புறம் பியூலாகிட்டக் கட்டைய நீட்டுனாவ. அவ்வோ டேபிள்ல வைக்க முன்னாடியே இவ அடுக்கிட்டா. மேடம் வேற மாதிரி படத்தக் காட்டி இத அடுக்கும்மான்னாவ. இவ முதல்ல அடுக்குனதையே திரும்ப அடுக்குதா. மறுபடியும். மறுபடியும். அடுக்கிட்டு என் மூஞ்சியப் பாக்கா.

'சார், காய்ச்சக்காரப் பிள்ளையோட தெர்மாமீட்டர ஐஸ்ல முக்கிக் கொண்டு வந்து காட்டுற மாதிரி பண்ணிட்டீங்க'ன்னாவ மேடம். 'காய்ச்சல் அப்படியே இருக்கு. பாக்குற வழியத்தான் அடைச்சுட்டீங்க. இந்த டெஸ்ட் இனி இவளுக்கு ஆகாது.' முட்டாய் குடுத்த சங்கதியெல்லாம் அவ்வோளுக்குத் தெரிஞ்சிருக்கு போல. ஆனா ஒண்ணு, அந்த நோட்டுல தப்பு ஒண்ணு கூடக் கெடையாது. அதுவும் அவ்வோளே ஒத்துக்கிட்டாவ.

வேற டெஸ்ட்டு ஒண்ணு எடுத்தாவ. பேச்சே வேண்டாம், படத்த மட்டும் பாத்துச் செய்யிறது. அது போக இன்னொண்ணு இருக்காம், அதுவும் சேந்தாத்தான் கணக்காம். வெறும் ஐ.க்யூ நம்பர வச்சு யாரையும் குறைபாடுன்னு எழுதிர மாட்டாவளாம், அன்னன்னாடம் பிள்ள எப்பிடி இருக்கான்னும் பாக்கணுமாம். அது பிள்ளைகிட்டக் கேக்குறதில்ல, நம்மகிட்டக் கேக்குறது. 'அம்மா சொல்லட்டும்'னாவ. நான் விடுவனா? 'மேடம், வீட்டுல படிச்சவன் நான், நான் சொல்லுதேன்'னு நாற்காலிய இழுத்துப் போட்டு உக்காந்தேன். சுகிர்தா பின்னால நின்னா.

கேட்டாவ. தானா தலை வாரிக்கிடுவாளா? தெரியல. குளிக்கும்போது யாரு உதவி? சுகிர்தாவா இருக்கும். சாப்பாட்டுல என்ன பிடிக்காது? எல்லாம் சாப்பிடுவான்னேன். பின்னாடி சுகிர்தா மூச்சு விட்டது கேட்டுச்சு. கூட வெளையாடுத பிள்ள பேரு என்ன? எதுக்குப் பயப்படுவா? பயந்தா என்ன செய்வா? வருத்தமா இருந்தா யாருட்டப் போவா?

எதுக்குப் பயம்னதுக்கு இருட்டுன்னு போட்டேன். எல்லாப் பிள்ளைக்கும் இருட்டுதான.

நாப்பதுக்கு மேல கேள்வி. ஏழோ எட்டோதான் சொல்லியிருப்பேன். நான் படிக்கிற காலத்துல, படிக்காமப் போன பரிட்சையில கூட அப்பிடி முழிச்சதில்ல. வேர்த்துட்டு. மேடம் திட்டல, ஒண்ணும் செய்யல. பேனாவ மட்டும் கீழ வச்சுட்டு, 'அம்மா, நீங்க சொல்றீங்களா'ன்னாவ.

அவ சொன்னா. நின்னுக்கிட்டே சொன்னா. பருப்பும் கூட்டும் தட்டுல ஒண்ணோட ஒண்ணு தொட்டா சாப்பிட மாட்டா மேடம். சட்டைக்கு மூணு பட்டன் போடுவா, நாலாவதுக்கு என்கிட்ட வருவா. காயப்போட்ட துணி எல்லாத்தையும் மடிச்சிருவா, அப்பா சட்டைய மட்டும் ரெண்டு தடவ மடிப்பா. பின் வீட்டு ஆட்டுக்குட்டிதான் கூட்டாளி, அதுக்குப் பேரு மேரி, அவ வச்ச பேரு. குக்கர் விசிலுக்குப் பயப்பட மாட்டா, இடிக்குப் பயப்பட மாட்டா. இருட்டுக்கும் பயம் கெடையாது. யாராவது கையில வாட்ச்ச எடுத்தா நின்ன எடத்துலயே ஒண்ணுக்குப் போயிருவா. ஒரு வருசமா மேடம். காலையில ரெண்டு தடவ பாவாட மாத்துவேன்.

ஒரு வருசமா. அஞ்சுல இருந்து ஏழு வரைக்கும் நான் அந்த மேசைக்கு இந்தப் பக்கந்தான் உக்காந்திருந்தேன், அண்ணாச்சி. ஒரு நா கூட எனக்குத் தெரியல. பாவாடையப் பாக்கல நான், கட்டையப் பாத்துக்கிட்டு இருந்தேன். வெக்கமா இருந்துச்சு. கோவமும் வந்துச்சு, என்னட்ட ஏன் சொல்லலன்னு கேக்கத் திரும்புனேன். அவ மொகத்தப் பாத்துட்டு கேக்கல.

அந்தக் கேள்வித்தாள்ல மேல ஒரு கோடு இருக்கும் பாருங்க, உங்களுக்கும் குடுப்பாவ. 'குழந்தையை நன்கு அறிந்தவர் பெயர்'னு. அதுல நான் உள்ள போன ஒடனேயே பெரிய எழுத்துல எழுதி வச்சிருந்தேன், ஜே. ஞானதுரை, எம்.எஸ்சி., பி.எட்.னு. மேடம் அத ஒரு கோடு போட்டு அடிச்சாவ. மேல சுகிர்தான்னு எழுதுனாவ. எழுதிட்டு காயிதத்த என் பக்கம் திருப்பி, 'அடிச்ச எடத்துல உங்க சின்னக் கையெழுத்து வேணும் சார், இல்லன்னா மெடிக்கல் போர்டுல திருப்பி அனுப்பிருவாங்க'ன்னு பேனாவ நீட்டுனாவ. போட்டேன். 'மீதிய நான் அம்மாகிட்டக் கேட்டுக்கிடுதேன், நீங்க வெளிய இருங்க'ன்னாவ.

வெளிய வந்து இந்தப் பெஞ்சுல உக்காந்தேன். அப்பந்தான் நீங்க பையனக் கூட்டிக்கிட்டு வந்திய, இங்க உக்காரலாமான்னு கேட்டிய.